பாடகி நிற்கும் இடம்

ஸ்பீக்கர் விற்கிறவனை நான் நம்புவதில்லை. வாங்குகிறவனை அதைவிடக் குறைவாக நம்புகிறேன். விற்கிறவன் அடுத்தவனைத்தான் ஏமாற்றுகிறான். வாங்குகிறவன் தன்னையே ஏமாற்றிக்கொண்டு, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஆள் கூப்பிட்டுக் காட்டுகிறான். நான் ஜல்லி லாரி ஓட்டிப் பிழைத்தவன். ஜல்லியைக் கண்ணால் பார்க்கலாம், கையால் அள்ளலாம். இரண்டு மரப்பெட்டிக்கு ஒரு காரின் விலை என்று ஒருவன் சொன்னால் எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு கோபம் வரும்.

என் மனைவி ஆஸ்தா வேறு ரகம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். டென்மார்க்கில் எங்கள் மேற்கு ஜட்லாண்டுப் பக்கம் ரேடியோ, ஸ்பீக்கர் தொழிற்சாலைகளில் ஒருவராவது வேலை பார்க்காத குடும்பம் குறைவு. மற்ற ஊர்களில் வயசானவர்கள் சீட்டு ஆடுகிறார்கள். எங்கள் ஊரில் ஸ்பீக்கர்களை ஒப்பிடுகிறார்கள். இதற்கென்று ஒரு சங்கம். ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஆஸ்தா. இன்னொருவன் ப்ரெபென், தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ப்ரெபென் வீட்டுப் பெரிய அறையில் கூடுவார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புத் துணி தொங்கும். சத்தத்தைத் தடுக்காத மெல்லிய துணி. அதற்குப் பின்னால் ஸ்பீக்கர்கள். எது எந்தக் கம்பெனி, எது விலை அதிகம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. விலை தெரிந்தால் காது கெட்டுவிடும் என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஜோடிகளில் எது கொஞ்சம் சத்தமாகப் பாடினாலும் அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றுமாம். அதனால் ப்ரெபென் ஒரு மீட்டரை வைத்து ஒவ்வொரு பெட்டியின் சத்தத்தையும் தனித்தனியாக அளந்து சமமாக்குவான். அந்தச் சங்கத்தில் நான் மதித்த ஒரே காரியம் அது. மனிதனை எளிதில் ஏமாற்றலாம் என்பதை ஒப்புக்கொண்டுதானே அளக்கிறார்கள்.

இரண்டு பெட்டியும் சேர்ந்து பாடும்போது அவற்றுக்கு நடுவே ஆள் நிற்கிற மாதிரி காதுக்குத் தோன்றுமாம். அதை வைத்து அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. துணி காயப்போடுகிற கிளிப் ஒவ்வொருவருக்கும் ஒன்று, மேலே பேர் எழுதியிருக்கும். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போய், பாடகி எந்த இடத்தில் நிற்பதாகக் கேட்டதோ அந்த இடத்தில் திரையில் கிளிப்பை மாட்ட வேண்டும். நல்ல ஜோடியாக இருந்தால் கிளிப்புகள் எல்லாம் குருவிக் கூட்டம் மாதிரி ஒரே இடத்தில் நெருங்கி நிற்கும். மோசமான ஜோடி என்றால் திரை முழுக்கச் சிதறிக் கிடக்கும். முதல் கிளிப் எப்போதும் ஆஸ்தாவுடையதுதான். அவள் காதை அவ்வளவு நம்பினார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. ஆனாலும் நான் சமையலறையில் காபியோடு உட்கார்ந்து பேப்பர்தான் படிப்பேன். பாட்டு முடிந்ததும் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு வருவேன்.

புத்தாண்டு கழிந்த பிறகு ஒரு நாள் காரில் போகும்போது நான் பேசப் பேச அவள் பதிலே சொல்லவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் என்று நினைத்தேன். என்ன கோபம் என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தி அவள் பக்கம் திரும்பி மறுபடி கேட்டபோது, என் உதட்டைப் பார்த்துவிட்டு, "என்னடா முணுமுணுக்குற?" என்றாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு நாளாக இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, சளி என்று நினைத்துச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள். பலிக்கவில்லை. நரம்பு செத்துவிட்டது, வலது காது நன்றாக இருக்கிறது, சந்தோஷப்படுங்கள் என்று ஒரு பெண் டாக்டர் சொன்னார். எனக்கு டாக்டர்களையும் பிடிக்காது. ஆனால் அந்தப் பெண் டாக்டர் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஆஸ்தா தன் இசைத்தட்டு ஒன்றைப் போட்டாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"முன்னாடி பாட்டுக்குள்ள போய் உக்காரலாம் வெர்னர். ஒரு ரூம் மாதிரி இருக்கும். இவ இங்க நிப்பா, அவன் அங்க உக்காந்திருப்பான். இப்ப செவுத்துல மாட்டுன போட்டோ மாதிரி இருக்கு. எல்லாரும் ஒரே எடத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

"ப்ரெபென்கிட்ட சொல்லிடு."

"சொல்ல மாட்டேன். நீயும் சொல்லக் கூடாது."

"ஏன்? என்ன பண்ணிடுவாங்க?"

"பாவம் பாப்பாங்க. கேக்ல எனக்கு மட்டும் பெரிய துண்டா வெட்டி வெப்பாங்க. சத்தமாப் பேசுவாங்க. அப்புறம் ஒரு நாள், ஆஸ்தா, நீ களைப்பா இருப்ப, மொதல்ல வேற யாராச்சும் கிளிப் மாட்டட்டும்னு ரொம்ப அன்பாச் சொல்லுவாங்க. அந்த அன்பு எனக்கு வேணாம்."

இரண்டு கூட்டத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டோம். ப்ரெபென் பூங்கொத்து அனுப்பினான். மூன்றாவது மாதம் சங்கத்து ஆள் லவ்ரிஸ் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

லவ்ரிஸ் பிளம்பர். கல்யாணம் ஆகாதவன். கை ஒவ்வொன்றும் சட்டி மாதிரி இருக்கும். தன் வீட்டு பாய்லர் அறையில் இரண்டு குளிர்காலம் செலவழித்து, தானே மரம் அறுத்து, ஒட்டி, வயர் இழுத்து, ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்திருந்தான். அதை இந்த மாதம் திரைக்குப் பின்னால் வைத்து, ஹெர்னிங் நகரத்துக் கடைக்காரன் வார இறுதிக்குக் கடனாகக் கொடுத்த ஒரு விலை உயர்ந்த ஜோடியோடு ஒப்பிட வேண்டும். தன்னுடையது தேறவில்லை என்றால் அந்த விலை உயர்ந்ததை வாங்கிவிடுவான். அதற்காகத் தன் படகை விற்றுவிட்டிருந்தான்.

"நீ வராம நான் திரைய அவுக்க மாட்டேன் ஆஸ்தா," என்றான், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. "ப்ரெபென் நட்பாப் பேசுவான். மத்தவங்க மொகம் பாத்துப் பேசுவாங்க. எனக்கோ ஒண்ணும் புரியல. காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. நீ கேட்டுச் சொல்லு. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லு. வெறகுக்கு ஆகும்."

ஆஸ்தா அவனை வலது பக்கம் உட்காரவைத்துப் பேசினாள். அவன் கவனிக்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவன் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மொதல் கிளிப் நான்தான் மாட்டணும். எங்க மாட்டுறது? யாரையும் பாத்து மாட்டவும் முடியாது."

"நான் சொல்றேன்," என்றேன்.

"நீயா? பியானோவையும் ட்ராக்டரையும் பக்கத்துல வெச்சா எதுல பெட்ரோல் ஊத்துறதுன்னு கேப்ப நீ."

"டீசல்," என்றேன். "ட்ராக்டருக்கு டீசல்."

அவள் சிரித்தாள். காது போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனாலேயே நான் பிடித்த பிடியை விடவில்லை. அன்றே எங்கள் வீட்டு ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே, அவளுடைய நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள். அத்தனை வருஷத்தில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. பாட்டைப் போட்டாள்.

"எங்க நிக்கிறா?"

"எங்கயும் நிக்கல. பெட்டியில இருந்து வருது."

"எந்தப் பெட்டி?"

"ரெண்டுலயும்."

"கண்ண மூடுடா மடையா. பெட்டிய மறந்துடு."

மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, எப்படி என்று சொல்லத் தெரியவில்லை, பூந்தொட்டி இருக்கிற இடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். என் உயரம்தான் இருப்பாள். சட்டென்று கண்ணைத் திறந்தேன். தொட்டிதான் இருந்தது. எழுந்து போய்த் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஏமாற்று வேலை என்றால் எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம்.

"யாரும் இல்ல," என்றேன்.

"தெரியும்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எங்க இருந்தா?"

பிறகு ஓர் ஏற்பாடு செய்தோம். சோபாவில் அவளுக்கு வலப்பக்கம் நான் உட்கார வேண்டும். அவள் வலது கையை விரித்து வைத்துக்கொள்வாள், என் கை அதன்மேல். பாடகி இடது ஓரத்தில் நின்றால் கட்டைவிரலை அழுத்த வேண்டும். வலது ஓரம் என்றால் சுண்டுவிரல். நடு என்றால் நடுவிரல். மற்ற இரண்டும் இடைப்பட்ட இடங்கள். சனிக்கிழமை வரை தினமும் பழகினோம். வயசான காலத்தில் சோபாவில் கைகோத்து உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைத்தாளோ.

சனிக்கிழமை ப்ரெபென் வீட்டுக்குள் நான் சமையலறையைத் தாண்டி நடந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னய்யா வெர்னர், காபி தீந்துபோச்சா?" என்றான் ப்ரெபென்.

"பேப்பர் தீந்துபோச்சு."

"பாட்டு கேக்கவா வந்திருக்க? பாத்து, பழக்கமில்லாத ஒடம்பு. மொத தடவ கொஞ்சமாக் கேளு."

"நீ திரைக்குப் பின்னால என்ன பித்தலாட்டம் பண்றன்னு பாக்க வந்தேன்," என்றேன். அது நான் வழக்கமாகச் சொல்கிற மாதிரியே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்த சோபாவில் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். "ஓ, இதுக்குத்தானா!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆஸ்தாவின் காது மடல் சிவந்தது.

லவ்ரிஸ் கிளிப் இல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். எது தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும் அல்லவா, அதனால் அவன் வாயைத் திறக்கக் கூடாது. ப்ரெபெனும் அப்படித்தான். ஒரு பெண் பாடுகிற பாட்டு, கூட ஒரு கிட்டார், டபுள் பேஸ் என்கிற ஆள் உயரக் கம்பி வாத்தியம் ஒன்று. இரண்டு ஜோடியிலும் அதே பாட்டுதான்.

முதல் ஜோடி பாடியது. கண்ணை மூடினேன். வந்துவிட்டாள். நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கம், தெளிவாக நின்றாள். ஆள்காட்டி விரலை அழுத்தினேன். பாட்டு முடிந்ததும் ஆஸ்தா எழுந்து போய் அந்த இடத்தில் கிளிப்பை மாட்டினாள். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். எல்லா கிளிப்பும் அவள் கிளிப்பைச் சுற்றிக் கையகலத்துக்குள் நின்றன. எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல இருந்தது. குறுகலான சந்தில் லாரியை ஒரே திருப்பில் பின்னால் எடுத்து நிறுத்தினால் வருகிற சந்தோஷம் அது.

கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். இரண்டாவது ஜோடி.

கண்ணை மூடினேன். அவள் வரவில்லை. குரல் இருந்தது, ஆள் இல்லை. ஒரு நேரம் இடது பக்கச் சுவரில் இருந்து வந்தது, தலையைக் கொஞ்சம் அசைத்தால் வலது பக்கம் போனது, பிறகு என் பிடரிக்குப் பின்னால் இருந்து வந்தது. மூடுபனியில் பாதைக் கோடு தெரியாமல் ஓட்டுகிற மாதிரி இருந்தது. காதுக்குள் ஏதோ அழுத்தியது. என் காதுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒரு வாரம் பழகியதெல்லாம் போச்சு, இவளைக் கூட்டிவந்து சபையில் நிறுத்தி அவமானப்படுத்தப் போகிறேன் என்று நினைத்தேன். கட்டைவிரலை அழுத்தினேன். விட்டேன். சுண்டுவிரலுக்குப் போனேன். விட்டேன். ஆஸ்தா என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவள் கை காத்துக்கொண்டிருந்தது. பாட்டு முடியப் போகிறது. வேறு வழி தெரியாமல் அவள் கையை மொத்தமாக என் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். அதற்கு எங்களிடம் அர்த்தம் எதுவும் இல்லை.

அவள் எழுந்தாள். கிளிப்போடு திரைக்கு முன்னால் போய் நின்றாள். எங்கேயாவது மாட்டிவிடு தாயே, நடுவில் மாட்டிவிடு என்று நான் வேண்டிக்கொண்டேன். அவள் மாட்டவில்லை. அப்படியே நின்றாள்.

"ப்ரெபென்," என்றாள், "இந்த ஜோடிக்கு வயர் யார் மாட்டுனது?"

"ஏன்?"

"ஒரு பெட்டியில பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கு. பேஸ் மெலிஞ்சு கெடக்கு. பாடுறவ எங்கயுமே இல்ல. ஒரு பெட்டி தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. போய்ப் பாரு."

ப்ரெபென் திரைக்குப் பின்னால் போனான். "வயர் சரியாத்தான் இருக்கு ஆஸ்தா," என்று அவன் குரல் வந்தது. "செவப்பு செவப்புலதான் இருக்கு, கறுப்பு கறுப்புலதான் இருக்கு."

"அப்ப பெட்டிக்குள்ள மாறியிருக்கு."

கடைசி வரிசையில் லவ்ரிஸ் எழுந்தான். முகம் தக்காளி மாதிரி இருந்தது. "ஐயோ," என்றான். "ஒண்ண ஒரு குளிர்காலத்துல செஞ்சேன், இன்னொண்ண அடுத்த குளிர்காலத்துல. ஒண்ணுல வயர மாத்திப் பத்த வெச்சிருப்பேன்."

"ரெண்டையும் சேத்து வெச்சுக் கேட்டதே இல்லயாய்யா?" என்றான் ப்ரெபென்.

"பாய்லர் ரூம்ல ரெண்டு எங்க கொள்ளும்? ஒண்ணக் கேட்டுட்டு, தூக்கி வெளிய வெச்சுட்டு, இன்னொண்ணக் கேட்டேன்."

அறையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். ப்ரெபெனும் மீட்டரில் தனித்தனியாகத்தான் அளந்திருந்தான், அதனால் அவனுக்கும் பிடிபடவில்லை. "ஒரு பிளம்பர்," என்றான், "சுடுதண்ணியையும் பச்சத்தண்ணியையும் மாத்தி விடாம இத்தன வருஷம் எப்படிய்யா காலம் தள்ளுன?" பிறகு எல்லோரும் ஆஸ்தாவின் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். இந்தக் காதை இன்சூரன்ஸ் செய்ய வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நாங்கள் தப்பித்துவிட்டோம். எனக்கு வேர்த்திருந்தது. ஆஸ்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் சிரிக்கவில்லை.

ப்ரெபென் வயரை மாற்றிக் கொடுக்கத் திரைக்குப் பின்னால் போனான். மற்றவர்கள் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது லவ்ரிஸ் வந்து அவளுக்கு இடப்பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய ஆள் சோபா விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் அவள் காதுக்குள் பேசினான். பாதிதான் எனக்குக் கேட்டது. படகை விற்ற அன்று தூங்கவில்லை என்றான். இந்தப் பெட்டிகளைத் தவிர வேறெதையும் தான் முழுசாகச் செய்து முடித்ததில்லை என்றான். நீ சொல்வதுதான் முடிவு என்றான். எல்லாவற்றையும் அந்தச் செத்த காதுக்குள் சொன்னான்.

ஆஸ்தா நேராகப் பார்த்துக்கொண்டு காபிக் கோப்பையைப் பிடித்திருந்தாள். அவன் பேசி முடித்துவிட்டுக் காத்திருந்தான். அவள் பதில் சொல்லாததைப் பார்த்து அவன் முகம் மெல்ல வாடியது. நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் உதடு அசைந்து முடிந்திருந்தது. என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைக் கையால் அமர்த்தினாள்.

"லவ்ரிஸ், இந்தப் பக்கம் வந்து சொல்லு."

"ஏன்?"

"அந்தக் காது செத்துப்போச்சு. நீ சொன்னது ஒண்ணும் எனக்குக் கேக்கல."

அவள் மெதுவாகச் சொல்லவில்லை. பாட்டு டீச்சர் குரல். எல்லோருக்கும் கேட்டது. ப்ரெபென் திரையை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினான்.

"ஜனவரியில இருந்து," என்றாள் ஆஸ்தா. "ஒத்தக் காதுக்கு யார் எங்க நிக்கிறாங்கன்னு தெரியாது. அந்தக் கிளிப்ப மாட்டுனது வெர்னர். அவன்தான் என் விரல அமுக்கிச் சொன்னான். இப்ப அவனுக்கும் ஆளக் கண்டுபிடிக்க முடியலன்னதும், மெலிஞ்ச பேஸையும் சேத்து யோசிச்சேன், வயரு விஷயம் புரிஞ்சிது. கைதட்டுறதுன்னா அவனுக்குத் தட்டுங்க."

யாரும் தட்டவில்லை. பாவம் பார்க்கிற பார்வை ஒவ்வொரு முகத்திலும் ஏறுவதை நான் பார்த்தேன். அவள் பயந்தது இதைத்தான். யாரோ கேக் கத்தியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்கள்.

"அப்ப அந்தக் காய்ச்சல் பொய்யா?" என்றான் ப்ரெபென். "நான் பூ வேற அனுப்பினேன்."

"பூ நல்லா இருந்துச்சு," என்றாள்.

"காசு குடுத்து வாங்குன பூ!" என்று என் பக்கம் திரும்பினான். "நீ வேற. பித்தலாட்டம் பாக்க வந்தேன்னு என் வீட்டுக்குள்ளயே நின்னு சொன்ன. கூசாம சொன்னியேய்யா."

"பாத்தேன், கண்டுபுடிச்சேன்," என்றேன். "நாங்கதான்."

சிலர் சிரித்தார்கள். ஆனால் லவ்ரிஸ் சிரிக்கவில்லை. வலது பக்கம் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்தவன், "அப்ப என்னோடத இனிமே யாரு கேட்டுச் சொல்றது?" என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அவனை எட்டி உதைக்கலாம்போல இருந்தது எனக்கு. ஆஸ்தா கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ப்ரெபென் இப்போது முழுசாகத் திரைக்கு வெளியே வந்துவிட்டான். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுவரையே பார்த்தான்.

"நம்ம பேக்டரியில ரெண்டு பெட்டிய வெச்சுக் கேட்டதே கெடையாது," என்றான்.

"என்ன?" என்றாள் ஆஸ்தா.

"ஒண்ணுதான். ஒத்தப் பெட்டி, நட்ட நடுவுல. ரெண்டு வெச்சா அவ இங்க நிக்கிறா, அவன் அங்க நிக்கிறான்னு அந்த அழகுல ஜனங்க மயங்கிடுவாங்க. பெட்டியோட கொற அதுல மறைஞ்சிடும். ஒத்தப் பெட்டி எதையும் மறைக்காது. அதுக்கு ஒத்தக் காது போதும். இங்க ரெண்டு வெச்சுக் கேட்டது, நம்ம எல்லாருக்கும் அந்த வெளையாட்டு புடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான்."

"என்னச் சமாதானப்படுத்தச் சொல்றியா ப்ரெபென்?"

"உன்ன எதுக்கு நான் சமாதானப்படுத்தணும்? என் பூவ ஏமாத்தி வாங்குனவ நீ."

ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒரு பெட்டியை மட்டும் திரைக்குப் பின்னால் நடுவில் வைத்தார்கள். எது முதலில் என்று ப்ரெபென் காசு சுண்டிப் போட்டு முடிவு செய்தான். ஆஸ்தா சோபாவை விட்டுவிட்டுச் சமையலறை நாற்காலி ஒன்றை இழுத்துத் திரைக்கு நெருக்கமாகப் போட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து வலது காதைக் கொடுத்தாள். பாட்டு ஓடியது. பிறகு அதே பாட்டு மறுபடி. இன்னொரு தடவை போடச் சொன்னாள். குறிப்பிட்ட ஓர் இடத்தை மட்டும் மறுபடி மறுபடி போடச் சொன்னாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எவன் சுருதி தப்புகிறான் என்று தேடும்போது முகத்தில் ஒரு கடுகடுப்பு வைத்திருப்பாள். அந்தக் கடுகடுப்பு வந்துவிட்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி மாளாது.

"மொதல்ல போட்டதுல கொற ஒண்ணும் இல்ல," என்றாள் கடைசியில். "எல்லாம் இருக்கு, எல்லாம் சுத்தம். ரெண்டாவது மூக்கால பாடுது. 'ஆ'ன்னு வாயத் தெறக்கிற எடத்துலல்லாம் யாரோ வாய்க்கு முன்னால கையக் கூப்பி வெச்ச மாதிரி இருக்கு."

"ரெண்டாவது என்னுது," என்றான் லவ்ரிஸ்.

"தெரியும். எரைஞ்சு மூச்சு விட்டுட்டு இருந்தியே, இந்தக் காதுக்குமா கேக்காதுன்னு நெனைச்ச?"

ப்ரெபென் திரைக்குள் போய் லவ்ரிஸின் பெட்டியை விரல் முட்டியால் தட்டினான். பக்கப் பலகை மேளம் மாதிரி அதிர்ந்தது. "பலகதான் பாடுது," என்றான். "உள்ள குறுக்குக் கட்ட குடுக்கல நீ."

"அதச் சரி பண்ணா?" லவ்ரிஸ் ஆஸ்தாவைத்தான் பார்த்தான்.

"சரி பண்ணாலும் கடைக்காரனோட பெட்டிதான் உன்னுதவிட நல்லது. பொய் சொல்ல மாட்டேன்." நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "ஆனா அந்தக் கிட்டார். கடைப் பெட்டியில கம்பி கேக்குது. உன்னுதுல வெரல் கேக்குது. அது எப்படிப் பண்ணன்னு எனக்குத் தெரியல. உனக்கும் தெரியாது. அத வெறகாக்கிடாத."

லவ்ரிஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினான். பெரிய சத்தம். திங்கட்கிழமை கடைக்காரன் வந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டு போகட்டும் என்றான். கடைக்காரன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேக் வெட்டினார்கள். ஆஸ்தாவின் துண்டு மற்றவர்களுடையதைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. லவ்ரிஸ் தன் துண்டைத் தானே பெரிசாக வெட்டிக்கொண்டான்.

கிளம்புவதற்கு முன்னால், லவ்ரிஸின் ஜோடியை வயர் திருத்தியபடி திரை இல்லாமல் ஒரு தடவை சும்மா கேட்கலாம் என்றார்கள். சோபாவின் நடுவிடத்தில்தான் ஆஸ்தா எப்போதும் உட்காருவாள். என்னை அதில் தள்ளினாள். "எனக்கெதுக்கு நடு சீட்டு?" என்றாள். பிறகு என் இடப்பக்கம் நெருக்கி உட்கார்ந்து, வலது காதை என் வாய்ப்பக்கம் சாய்த்தாள்.

பெட்டிகள் பார்க்க அசிங்கமாக இருந்தன. ஒட்டுப்பலகை, மேலே பிசின் வழிந்த கோடு. பாட்டு ஆரம்பித்தது.

"வந்துட்டாளா?" என்றாள்.

"வந்துட்டா."

"எங்க?"

"நடுவுல இருந்து கொஞ்சம் எடது பக்கம். ப்ரெபென் செருப்பு கெடக்குதுல்ல, அதுக்கு மேல."

"கிட்டார்?"

"அவ பக்கத்துலயே. உக்காந்திருக்கான், கொஞ்சம் தாழ்வா."

"பேஸ்?"

"பின்னாடி. வலது பக்கம், ஜன்னல்கிட்ட."

"எவ்வளவு பின்னாடி?"

"லாரி நீளம் இருக்காது. ஒரு காரு நீளம் வெச்சுக்க."

அவள் தோள் சிரிப்பில் என்மேல் இடித்தது. யாரோ முன்னாலிருந்து "உஷ்" என்றார்கள். ப்ரெபென் அவரை "நீ உஷ்" என்றான். ஆஸ்தா கண்ணை மூடிக்கொண்டாள். நான் குரலைத் தணித்துக்கொண்டேன். இன்னும் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, இப்படிப்பட்ட வேலை நான் செய்ததில்லை. அங்கே என்ன இருந்ததோ அதைச் சொன்னேன். கிட்டார்க்காரன் ஒரு தடவை நாற்காலியில் அசைந்தான் என்றேன். பேஸ்காரன் நிறுத்திவிட்டான் என்றேன்.

"இப்ப?" என்றாள்.

"இப்ப அவ மட்டும்தான். அசையாம நிக்கிறா. மூச்சு வாங்குறா."

"அது எனக்கே கேட்டுச்சு," என்றாள் ஆஸ்தா.